மொகல் தெருவில் கேட்ட கேள்விகள்



சென்ற மாதம் நம் நிலையத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு வினாடி வினா நடத்தினோம். கால்குலேட்டர் கூடாது, காகிதமும் கூடாது என்பது நிபந்தனை. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ரேடியோ கேட்கிற மாதிரியே இல்லை. ரங்கூன்ல, விளக்கு வைத்த பிறகு, கடையில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது" என்றார். குரல் தழுதழுத்தது. வேறொன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லும் விதமாகத்தான் இந்த மாதப் பேச்சு.

முதலில் என் வீட்டுக் கதை. நேயர்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும். என் தகப்பனார் ரங்கூனில் பிறந்தவர். 1948இல், பதின்மூன்று வயதில், மொகல் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளைக்குக் கையாளாகச் சேர்ந்தார். அந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வே போன் தா தெரு என்று பெயர். ஊருக்கும் 1989 முதல் யாங்கோன் என்று பெயர். ஆனால் எங்கள் வீட்டில் கடைசி வரை ரங்கூன்தான், மொகல் தெருதான்.

1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' வந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் பர்மா காலனியில் நாலு வீட்டுக்கு ஒரு டிவி. கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தில் படபடவென்று பதில் சொல்வதை நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். பாதி புரியாது. அப்பா வாசல்படியில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "எல்லாம் சரி, இதிலே கணக்கு எங்கேடா?" நான் சிரித்தேன். டிவியில் போய் யாராவது வட்டிக் கணக்குப் போடுவார்களா என்று நினைத்தேன். அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான் என்று விளங்க எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அப்பா பழகிய வினாடி வினா எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். ரங்கூனில் செட்டியார் கடைகளில் பையன்களைப் பழக்கும் முறை ஒன்று உண்டு. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். போனால் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. கடையின் பொறுப்பாளர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பத்து, பன்னிரண்டு வயதில் கூட வந்து சேர்ந்துவிடுவான். பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து, சிட்டை எழுதி, பேரேட்டில் பதிந்து, ஐந்தொகை போடும் வரை அவன் கற்றுக்கொள்வது எல்லாம் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும்தான். செட்டியார் அல்லாத மற்றவர் கடைகளிலும் இந்த வழக்கம் தொற்றிக்கொண்டது. எங்கள் அப்பா கற்றது அப்படித்தான்.

மாலையில் கடை ஓய்ந்ததும் அடுத்தாள் கேள்வி கேட்பாராம். பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் யார் முதலில் சொல்கிறானோ அவனுக்கு ஒரு சுருள் முறுக்கு. தப்பாகச் சொன்னவனுக்குக் காதில் ஒரு திருகு. ஒரு கேள்வியை அப்பா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். 350 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய் வட்டி. ஒரு மாதம் 18 நாள் ஆகியிருக்கிறது. வட்டி எவ்வளவு?

காகிதத்தில் போட்டால் நமக்கு இரண்டு நிமிஷம். அவர்கள் போட்ட விதம் வேறு. மூன்று நூறுக்கு மூன்றே முக்கால், அரை நூறுக்குப் பத்து அணா. ஆக மாதத்துக்கு 4 ரூபாய் 6 அணா, அதாவது 70 அணா. 18 நாள் என்பது மாதத்தில் ஐந்தில் மூன்று. எழுபதில் ஐந்தில் மூன்று 42 அணா, அதாவது 2 ரூபாய் 10 அணா. இரண்டையும் கூட்டினால் சரியாக 7 ரூபாய். அடுத்தாள் கேள்வியை முடிக்கும்போதே 'ஏழு' என்று ஒரு பையன் கத்திவிடுவானாம்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? எண்சுவடியிலிருந்து. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதி, உரக்கச் சொல்லி, மனப்பாடம் செய்த வாய்பாடு அது. ஒன்று, இரண்டில் நின்றுவிடாது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. வீசம் என்றாலும் அதுதான். அரைக்கால் எட்டில் ஒன்று. இந்தப் பின்னங்களைப் பின்னங்களாலேயே பெருக்கியும் வாய்பாடு இருந்தது. காலைக் காலால் பெருக்கினால் மாகாணி. முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையே வீசம். நெல் அளக்க நெல்லிலக்கம், பொன் நிறுக்கப் பொன்னிலக்கம், நிலம் அளக்கக் குழிமாற்று என்று தனித்தனிச் சுவடிகள்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா என்று வைத்த காலத்தில் இந்த வாய்பாடு பொன்னாக விளைந்தது. ஒரு அணா என்பதே ஒரு ரூபாயில் வீசம் அல்லவா? சுவடியில் படித்தவன் பணத்தையே படித்துவிட்டான். 1952இல் பர்மாவில் ரூபாய் போய்க் கியாட் வந்தது. ஒரு கியாட்டுக்கு 100 பியா. வீசம் என்பது திடீரென்று ஆறேகால் பியா ஆயிற்று. அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. "மண்டைக்குள்ள இருந்த கடையையே காலி பண்ணி வேற தெருவுக்குக் கொண்டுபோன மாதிரி இருந்தது" என்பார். 1957இல் இந்தியாவில் நயா பைசா வந்தபோது இங்கிருந்தவர்கள் பட்ட பாட்டை அவர் ஐந்து ஆண்டு முன்னதாகவே பட்டுவிட்டார்.

இடையில் ஒரு செய்தி. எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் நிலைத்தது. சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை என்றே சொல்ல வேண்டும்.

இனி, சொல்ல மனம் கூசும் பகுதி. நம் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. நான் தொழிலால் கணக்காளன். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட என்னால் முடியாது.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஓர் அறிக்கை தந்தது. பர்மா முழுவதும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் மொத்த மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அது மதிப்பிட்டது. நடப்பு வட்டி எவ்வளவு என்பதை ஒவ்வொரு தமிழ் மாதமும் மொகல் தெருவில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, ஐராவதி வடிநிலத்துக் காட்டை அழித்து நெல் வயலாக்கியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை நமக்குப் பெருமைதான். 1930இல் உலகப் பொருளாதாரம் முடங்கி நெல் விலை சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். இவர்கள் விரும்பி வாங்கிய நிலம் இல்லை. வேண்டியது பணம்; வந்தது சேறு. ஆனாலும் நிலம் இழந்த பர்மியனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

நம் பையன் அரை நொடியில் 'ஏழு' என்று கத்தினானே, அந்த ஏழு ரூபாய் சரிதானா என்று சோதித்துப் பார்க்க எதிரே உட்கார்ந்திருந்த விவசாயியால் முடிந்திருக்குமா? கேள்வி கேட்டவரும் நாம், பதில் சொன்னவரும் நாம், நடுவரும் நாம். கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். நேர்மைக்குப் பெயர் போன கடைகள் அவை. ஆனால் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே புரிகிற கணக்கை மறுபக்கத்தார் எத்தனை நாள் நம்புவார்கள்?

மீதி உங்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள். அதன் பின் லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலேயே மாண்டார்கள். எங்கள் தாத்தா குடும்பம் நடக்கவில்லை. ஊரிலேயே ஒளிந்து கிடந்து பிழைத்தது. 1962இல் ராணுவ ஆட்சி. 1963இல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமை. அந்த மே மாதம் 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நகையும் பணமும் துறைமுகச் சுங்கத்தோடு நின்றன. அப்பா 1965இல் கப்பலில் வந்து இறங்கியபோது, யாரும் சோதனை போட்டுப் பறிக்க முடியாதபடி கொண்டுவந்தது அந்த வாய்பாடு ஒன்றுதான்.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம். பர்மாவில் தொலைக்காட்சி வந்ததே 1980இல்தான். இந்தியாவில் ஹமீத் சயானி 1972இல் வானொலியில் தொடங்கிய போர்ன்விட்டா குவிஸ் பின்னாளில் டெரெக் ஓ'பிரையன் நடத்த டிவிக்கு வந்தது. அதுவும் பொது அறிவுதான். அப்பா கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சி வந்தது ஆப்பிரிக்காவில், கானா நாட்டில்!

குவாகு மென்சா பொன்சு என்பவர் அங்கே ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனம் நடத்தியவர். பல்கலைக்கழக ஆசிரியர்களான நண்பர்களோடு டென்னிஸ் ஆடும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை என்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய அறிவியல், கணித வினாடி வினா 1993இல் தொடங்கியது. 1994இல் முதல் கோப்பையைக் குமாசி நகரின் பிரெம்பே கல்லூரி வென்றது. கல்லூரி என்று பெயரே தவிர அது மேல்நிலைப் பள்ளிதான். அக்ராவில் லெகோன் பகுதியில் உள்ள பிரெஸ்பிட்டேரியன் ஆண்கள் பள்ளி 2023 வரை எட்டு முறை வென்றிருக்கிறது. பள்ளிக்கு இரண்டு மாணவர்கள் மேடையில் உட்காருவார்கள். இறுதிப் போட்டி நாளில் அந்த நாடு நம் ஊர் கிரிக்கெட் இறுதி ஆட்டம் போல் ஆகிவிடும். பழைய மாணவர்கள் பள்ளி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அரங்கை அதிர வைப்பார்கள்.

சுற்றுகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுற்று முழுக்க வேகம். யார் முதலில் மணி அடிக்கிறாரோ அவருக்கு. அது நம் அடுத்தாளின் முறுக்குப் போட்டியேதான். இன்னொரு சுற்றில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஒரு கணக்கு. சில நிமிஷம் தந்து எழுதிப் போடச் சொல்வார்கள். செய்த வழிக்கும் மதிப்பெண் உண்டு. சரியா தவறா என்று ஒரு சுற்று. கடைசியாக விடுகதைச் சுற்று. துப்பு ஒவ்வொன்றாக வரும். முதல் துப்பிலேயே கண்டுபிடித்தால் 5 மதிப்பெண், இரண்டாவதில் 4, அதற்குப் பிறகு 3. துணிந்து சொல்வதா, இன்னொரு துப்புக்குக் காத்திருப்பதா என்று பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்க வேண்டும். விடுகதையில் கணக்கு வைப்பது நமக்கும் புதிதல்ல. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லக் கணக்கதிகாரத்தில் வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நான் இரண்டு பழத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. இன்னொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

வேகம் மட்டுமே கணக்கு என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது என்பதால்தான் அந்த எழுதிப் போடும் சுற்றை நான் பெரிதாகச் சொல்கிறேன். நம் ராமானுஜன் 1912இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தவர். ரங்கூன் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம்தான் அது. 1914 டிசம்பரில், கேம்பிரிட்ஜில், அவர் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டின் இடப்பக்க எண்களின் கூட்டலும் வலப்பக்க எண்களின் கூட்டலும் சமம். மொத்த வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் கண்டுபிடித்த விடை ஒன்று: 288 வீடுகளில் 204ஆம் வீடு. ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, எத்தனை வீடு இருந்தாலும் பொருந்தும் விடைகள் அனைத்தையும் தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். மணி அடித்துச் சொல்கிற பதில் அல்ல அது.

கானாவின் போட்டியில் 1993 முதல் 2000 வரை கேள்வி கேட்டவர் மரியன் எவுராமா ஆடி என்ற பெண்மணி. உயிர்வேதியியல் பேராசிரியை. அறிவியல் ஆண்பிள்ளை சமாச்சாரம் என்றிருந்த நாட்டில், வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்டவரும் விடையைத் தீர்மானித்தவரும் ஒரு பெண். அப்பா சொன்ன கதையில் பையன்கள் உண்டு. ஒரு பெண்குழந்தைகூட இல்லை. என் அத்தை அப்பாவைவிடக் கணக்கில் கெட்டிக்காரி என்று பாட்டி சொல்வார். அத்தையை யாரும் எதுவும் கேட்டதில்லை.

1999இல் மரியன் ஆடி அவர்களுக்கு யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு கிடைத்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோருக்குத் தரும் பரிசு. பெயரைப் பார்த்ததும் இது என்ன நம் ஒரிசாப் பெயர் என்று தேடினேன். ஆம், ஒரிசாவின் பிஜு பட்நாயக் தந்த நன்கொடையால் 1952 முதல் வழங்கப்படுகிற பரிசு. அந்த பிஜு பட்நாயக் விமானி. 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது ரங்கூனிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களை விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த விமானங்களில் ஏறியவர்கள் யார், தரையில் நடந்தவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மனிதர், பர்மாவிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு 'வெள்ளையனே வெளியேறு' துண்டுப் பிரசுரங்களை வானிலிருந்து போட்டு, அதற்காக 1943இல் சிறைக்கும் போனார். மேலே பறந்தவர் வைத்த பரிசு, அரை நூற்றாண்டு கழித்து, அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பெண்மணியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மரியன் ஆடி 2014இல் காலமானார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல முடியாமல் போயிற்று. நான் பி.காம். படித்த காலத்தில், நண்பர்கள் வந்திருந்த ஒரு மாலை, அப்பா திண்ணையில் உட்கார்ந்து எதையோ கூட்டிக்கொண்டு "மாகாணி, அரைக்கால்" என்று முணுமுணுத்தார். நண்பன் ஒருவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்து, "அதுக்கெல்லாம் இப்ப கால்குலேட்டர் இருக்குப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டலை முடித்து, தொகையைக் காகிதத்தில் எழுதி, என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதன் பிறகு என் நண்பர்கள் முன்னால் அவர் வாய்விட்டுக் கணக்குப் போட்டதில்லை.

அடுத்த மாதப் போட்டிக்கு மூன்று மாற்றங்கள் செய்கிறோம். எழுதிப் போடும் சுற்று ஒன்று உண்டு. செய்த வழியை மாணவர் நேயர்களுக்குப் புரியும்படி வாய்விட்டு விளக்க வேண்டும். ஒவ்வோர் அணியிலும் ஒரு மாணவியாவது இருக்க வேண்டும். தொலைபேசியில் அழைத்த பெரியவருக்கு ஒரு வேண்டுகோள்: ஐயா, நீங்கள் வந்து ஒரு சுற்றுக்குக் கேள்வி கேட்க வேண்டும். காதைத் திருக மட்டும் அனுமதி இல்லை.

அதுவரை வீட்டில் போட்டுப் பார்க்க ஒன்று. 300 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. இரண்டு மாதம் 20 நாள் ஆகியிருக்கிறது. வட்டி எவ்வளவு? பிள்ளைகளே, காகிதம் வேண்டாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் முதலில் அவர்களைச் சொல்லவிடுங்கள். எப்படிப் போட்டார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். விடை அடுத்த இதழில்.